350 ஸ்மால் பிளாக், 1,500 டாலருக்குள் மேல்பாதி: 882 ஹெட்டா, வோர்டெக்கா, புது அலுமினியமா?

#1 | சி10_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1979 செவர்லே சி10, இன்ஜின் 350 கியூபிக் இன்ச் ஸ்மால் பிளாக் வி8. பிளாக்கை 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ) போர் பண்ணி, வால்வுக்கு நாலு பள்ளம் உள்ள புது காஸ்ட் பிஸ்டன் போட்டாச்சு. கீழ்ப்பாதி வேலை முடிஞ்சு ஸ்டாண்டில் நிக்குது. இனி மேல்பாதிதான். ஹெட், கேம், லிஃப்டர், ராக்கர், புஷ்ராட், இன்டேக், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 1,500 டாலரைத் தாண்டக் கூடாது.

தினசரி ஓட்டம், அப்பப்ப பின்னாடி பாரம். கியர்பாக்ஸ் டிஎச்350 ஆட்டோமேட்டிக், கன்வெர்ட்டர் கம்பெனியில் வந்ததேதான். பின் ஆக்சில் 3.08. கார்புரேட்டர். 5,500 ஆர்பிஎம்முக்கு மேல போக வேண்டிய அவசியமே இல்லை.

கையில் இருக்கிறது 882 ஹெட் ஜோடி (882 அதோட வார்ப்பு நம்பரின் கடைசி மூணு இலக்கம்). அதையே ரீபில்டு பண்றதா, ஜங்க்யார்டில் வோர்டெக் (1996 முதல் வந்த செவர்லே ட்ரக்கோட இரும்பு ஹெட்) எடுக்கிறதா, ஸ்பிரிங் எல்லாம் பூட்டி வர்ற மலிவு அலுமினியம் ஹெட் வாங்குறதா? ஒரு ஃபிளாட் டாப்பெட் ஹைட்ராலிக் கேம் பார்த்து வச்சிருக்கேன்: லிஃப்டர் 50 தௌ ஏறின நிலையில் அளந்தா வால்வு திறந்திருக்கிறது இன்டேக் 218, எக்ஸாஸ்ட் 224 டிகிரி, வால்வு நகர்ற தூரம் (லிஃப்ட்) 462/469 தௌ. தள்ளுபடி ஓடுது, கேமை முதல்ல வாங்கிடலாமா?

#2 | லேத்மேடு

வாங்காதீங்க. ஹெட் எதுன்னு முடிவாகி, அதில் எவ்வளவு லிஃப்ட் போகும்னு அளந்து பார்த்த பிறகுதான் கேம். தள்ளுபடிக்காக முன்னாடியே வாங்கின கேமுக்கு இடம் கொடுக்கணும்னு ஹெட்டை மெஷின் பண்ண ஆரம்பிச்சா, 1,500 அங்கேயே கரைஞ்சிடும்.

882 பற்றி. சேம்பர் (கலவை எரியுற குழி) 76 சிசி, திறந்த வடிவம். வால்வு 1.94/1.50, அது பரவாயில்லை. ஆனா இந்த வார்ப்பு விரிசலுக்குப் பேர் போனது. கிராக் பார்க்கணும், கைடு (வால்வுத் தண்டு ஓடுற குழல்) மாத்தணும், சீட் வெட்டணும், ஸ்பிரிங் புதுசு போடணும். இவ்வளவும் பண்ணின பிறகும் கையில் இருக்கப் போறது அதே மெதுவா எரியுற 76 சிசி சேம்பர்தான். கூலி எந்த ஹெட்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்தக் கூலியை நல்ல ஹெட்டுக்குக் கொடுங்க.

உங்க தேவைக்கு வோர்டெக் பொருத்தமா இருக்கும். சேம்பர் 64 சிசி, இதய வடிவம், இன்டேக் போர்ட் சுமார் 170 சிசி. 5,500-க்குள்ள ஓடுற 350-க்கு இதைவிடப் பெரிய போர்ட் தேவையில்லை. போர்ட் பெருசானா கீழ் ஆர்பிஎம்மில் காத்தோட வேகம் குறையும். 3.08 ஆக்சிலில் பாரம் ஏத்திக்கிட்டுக் கிளம்பும்போது அது காலடியில் தெரியும்.

#3 | ஸ்காபரோ_செல்வன்

குமரன், யார்டிலை வோர்டெக் எடுக்கப் போறியள் எண்டா வார்ப்பு நம்பரைப் பாருங்கோ. வால்வு கவரைக் கழட்டினா உள்ளுக்குத் தெரியும். கடைசி மூண்டு இலக்கம் 062 இல்லாட்டி 906 இருக்க வேணும். 1996 தொடக்கம் வந்த 5.7 லீட்டர் ட்ரக், வான், சபர்பனிலை இருக்கும். 059 எண்டிருந்தா அது 305 இன்ஜின்ரை வோர்டெக், இன்டேக் வால்வு சின்னன். வெளியிலை பாக்க ரெண்டும் ஒண்டு போலத்தான் இருக்கும், அவசரத்திலை மாறி எடுக்காதேங்கோ.

கிராக் பெரும்பாலும் இன்டேக் சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவிலைதான் வரும். சூடேறி நிண்ட வண்டியிலை கட்டாயம் இருக்கும் எண்டே நினைச்சுக்கொள்ளுங்கோ. ரேடியேட்டர் பிளந்த வண்டி, ஒயில் மூடிக்குக் கீழை பால் நிறத்திலை கசடு இருக்கிற வண்டி, ரெண்டையும் விட்டிட்டு வாங்கோ. வயர் பிரஷ்ஷாலை சேம்பரைத் தேய்ச்சு வெளிச்சத்திலை பாத்தா பெரிய கிராக் தெரியும். மெல்லிய கிராக் தெரியாது, அதுக்கு மேக்னஃப்ளக்ஸ் (காந்தமும் இரும்புத் தூளும் வைச்சுக் கிராக் பாக்கிற சோதனை) வேணும். வேற எந்த வேலைக்கும் காசு குடுக்க முதல் அதைச் செய்விக்கச் சொல்லுங்கோ. கிராக் இருந்தா அந்த ஹெட்டை அப்பிடியே திருப்பிக் குடுக்கலாம் எண்டு யார்டோடை முதலே கதைச்சு வையுங்கோ.

#4 | பெட்ரோல்கணக்கு

ஹெட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அளவு வேணும். பிஸ்டன் மேல்முனையில் நிக்கும்போது டெக்கிலிருந்து (பிளாக்கோட மேல்மட்டம்) எவ்வளவு கீழே இருக்கு? 1, 2, 7, 8 நாலு சிலிண்டரிலும் எடுங்க, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோட சேர்க்கிற கஜன் பின்னுக்கு நேர் மேலே வச்சு. ஓரத்தில் வச்சா பிஸ்டன் ஆடி அளவு தப்பா வரும்.

#5 | சி10_குமரன்

நாலிலும் 45 தௌ, ஒரு தௌ முன்னே பின்னே.

#6 | பெட்ரோல்கணக்கு

எதிர்பார்த்ததுதான். ரீபில்டு பிஸ்டன்களில் பலதுக்கு கம்ப்ரஷன் உயரம் (கஜன் பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை) 1.560-க்குப் பதிலா 1.540 அங்குலம்தான். பிளாக்கை மட்டம் வெட்டினாலும் பிஸ்டன் டெக்கைத் தாண்டிடக் கூடாதுன்னு அப்படிச் செய்றாங்க. உங்க பிளாக் டெக் வெட்டாததால் அந்த 20 தௌவும் காலி இடமா நிக்குது.

கம்ப்ரஷன் விகிதத்துக்குக் கணக்கு இது. 4.030 போர், 3.48 ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர் 727 சிசி. பிஸ்டனுக்கு மேலே 45 தௌ காலி இடம் 9.4 சிசி. வால்வு பள்ளம் 6 சிசின்னு வச்சிருக்கேன், பிஸ்டன் பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்துத் திருத்திக்குங்க. கேஸ்கெட் துளை 4.100.

882 ஹெட், வழக்கமான 39 தௌ கேஸ்கெட்: 8.3.
வோர்டெக், 39 தௌ: 9.3.
வோர்டெக், 28 தௌ: 9.5.
வோர்டெக், 15 தௌ ஸ்டீல் ஷிம்: 9.8.

882-ஐக் கழட்டிட்டு வோர்டெக் மாட்டினா, பிஸ்டனைத் தொடாமலே ஒரு முழு பாயின்ட் ஏறுது.

ஆனா கம்ப்ரஷனை மட்டும் பார்த்து ஷிம்முக்குத் தாவிடாதீங்க. பிஸ்டனோட தட்டையான பகுதிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற குவெஞ்ச் இடைவெளி 40 தௌ பக்கம் இருந்தா கலவை நல்லா கலங்கி நாக்கிங்கைத் தடுக்கும். உங்களுக்கு 39 தௌ கேஸ்கெட்டில் அது 84. ஷிம் போட்டாலும் 60. குவெஞ்சுக்காகவே ஷிம் போடுறதா இருந்தா 60-இல் கிடைக்கிற பலன் கொஞ்சம்தான், கூடவே கம்ப்ரஷனும் ஏறிடுது. பாரம் ஏத்துற வண்டி, இரும்பு ஹெட், சின்ன கேம் போட்டா இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும். இவை மூணும் சேர்ந்தா 9.8-க்கு எப்பவும் பிரீமியம் பெட்ரோல்தான் ஊத்தணும், கோடையில் மேடு ஏறும்போது அதுவும் சந்தேகம்.

28 தௌ காம்போசிட் கேஸ்கெட் நடுவழி. 9.5, 89 அல்லது 91 ஆக்டேன். 87-தான் ஊத்துவேன்னா 39-ஓடு நின்னுக்குங்க. பிளாக்கைக் கழட்டி 20 தௌ டெக் வெட்டி 39 கேஸ்கெட் போட்டா குவெஞ்ச் 64 ஆகும், கம்ப்ரஷன் 9.7-க்குப் போகும். முடிஞ்ச கீழ்ப்பாதியைத் திரும்பப் பிரிக்கிற அளவுக்கு அதில் லாபம் இல்லை.

#7 | டெட்ராய்ட்_பாண்டி

எல்லாரும் வோர்டெக்கையே சொல்றீங்க. யார்டு ஹெட் வாங்கி, கிராக் பார்த்து, கைடு போட்டு, சீட் வெட்டி, ஸ்பிரிங் மாத்தி, வோர்டெக்குக்குன்னு தனி இன்டேக்கும் வாங்கினா, புது அலுமினியம் ஜோடி விலைக்குப் பக்கத்தில் வந்துடும். அலுமினியத்தில் 2.02 வால்வு, ஸ்க்ரூ-இன் ஸ்டட், 500 தௌ தாங்குற ஸ்பிரிங் எல்லாம் பூட்டியே வருது. பழைய இன்டேக்கும் பொருந்தும். எடையும் பாதிக்குப் பக்கம் குறையும்.

#8 | லேத்மேடு

பாண்டி அண்ணா சொல்ற விலைக் கணக்கு நியாயம்தான், குமரன் அதைப் போட்டுப் பார்க்கணும். ஆனா "பூட்டியே வருது"ன்னு இருக்கிறதை நம்பி அப்படியே மாட்டக் கூடாது. ரொம்ப மலிவான ஜோடிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறது இதுதான்: கைடு ஒண்ணில் இறுக்கம், பக்கத்து கைடில் தளர்வு. போர்ட்டுக்குள்ளேயும் எண்ணெய் வழியிலும் உலோகத் தூள். ஸ்பிரிங் அழுத்தம் அட்டையில் போட்டிருக்கிற அளவுக்கு இல்லை. அதனால அதையும் முழுசாப் பிரிச்சு, கழுவி, கைடை அளந்து, ஸ்பிரிங்கை டெஸ்டரில் வச்சுப் பார்த்துத்தான் பூட்டணும். புது ஹெட்டுக்கும் பட்டறைக் கூலி உண்டுங்கிறதைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

இன்னொண்ணு, மலிவு அலுமினியத்தில் அதிகம் கிடைக்கிறது 195 சிசிக்கு மேற்பட்ட போர்ட். 3.73 ஆக்சிலும் 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்கிற ஸ்டால் கன்வெர்ட்டரும் இருந்தா நானும் அதைத்தான் சொல்வேன். இந்த வண்டிக்கு அது பெரிசு. அலுமினியம்னா ஹெட் போல்ட்டுக்குக் கீழே கடினமான வாஷர் வேணும், ஸ்டீல் ஷிம் கேஸ்கெட் ஆகாது. ஸ்பார்க் பிளக் பெரும்பாலும் முக்கால் அங்குல நீளம், பழைய பிளக்கை அதில் மாட்டக் கூடாது.

#9 | சி10_குமரன்

சரி, வோர்டெக் 062 ஒரு ஜோடி பக்கத்து யார்டில் இருக்கு, நம்பரைப் பார்த்துட்டேன். அப்போ 462/469 கேம் அதில் போகுமா? சில இடத்தில் போகும்கிறாங்க, சில இடத்தில் போகாதுங்கிறாங்க.

#10 | லேத்மேடு

ரெண்டும் வெவ்வேறு ஹெட்டை அளந்தவங்க சொல்றதா இருக்கும். வோர்டெக்கில் கைடு பாஸ் (கைடைச் சுத்தி நிக்கிற மேடு) உயரம் அதிகம். வால்வு திறந்து கீழே வரும்போது ரிட்டெய்னரோட (ஸ்பிரிங்கைப் பிடிக்கிற மேல்தட்டு) அடிப்பாகம் கைடு மேலே இருக்கிற சீலை இடிக்கும். கம்பெனி சாமானோட சுமார் 460 தௌதான் எல்லைன்னு பொதுவா சொல்வாங்க, ஆனா வார்ப்புக்கு வார்ப்பு மாறும். அதை எண்ணா மனப்பாடம் பண்றதைவிட அளக்கிறது சுலபம்.

ஸ்பிரிங்கைக் கழட்டிடுங்க. புது சீல் கைடில் உட்காரட்டும். வால்வில் ரிட்டெய்னரும் அதைத் தண்டில் பூட்டுற லாக்கும் மட்டும் மாட்டி, கையால் இழுத்து சீட்டில் மூடிப் பிடிங்க. டயல் கேஜ் முள்ளை வால்வுத் தண்டு நுனியில் வச்சு சைபர் பண்ணுங்க. இப்போ வால்வை மெதுவா கீழே விடுங்க. ரிட்டெய்னர் சீலைத் தொடுற இடத்தில் கேஜ் என்ன காட்டுதோ, அதில் 50 தௌ கழிக்கணும். 510 காட்டினா உங்க எல்லை 460. பதினாறு வால்வுக்கும் அளந்து, இருக்கிறதிலேயே குறைஞ்ச எண்ணை எடுத்துக்குங்க. சராசரி போடக் கூடாது.

469 எக்ஸாஸ்ட் அங்கே போகாது. இடிச்சா முதல்ல சீல் நசுங்கும், எண்ணெய் உள்ளே இறங்கி நீலப் புகை வரும். அப்படியே ஓட்டினா லாக் கழண்டு வால்வு சிலிண்டருக்குள்ள விழும்.

வழி மூணு. கைடு பாஸைக் கட்டர் வச்சுக் குறைச்சு, சின்ன சீல் போடுறது ஒண்ணு. பட்டறையில் செய்தா கூலி, வீட்டில் டிரில் வச்சுச் செய்தா வெட்டு கோணலாகிற ஆபத்து. ரெண்டாவது, பீஹைவ் ஸ்பிரிங். அதோட மேல்பாகம் சின்னது, ரிட்டெய்னரும் சின்னது, பெரும்பாலும் மெஷின் பண்ணாமலே 500 தௌ பக்கம் இடம் கிடைக்கும். காசு கொஞ்சம் கூட ஆனாலும் கூலி மிச்சம். போட்ட பிறகு திரும்பவும் அளக்கணும்.

மூணாவது, கேமைச் சின்னதாக்குறது. உங்க வண்டிக்கு என் பரிந்துரை இதுதான். 3.08 ஆக்சிலும் கம்பெனி கன்வெர்ட்டரும் இருக்கும்போது 218/224 ஐட்லில் சிணுங்கும், 2,000-க்குக் கீழே இழுக்காது. 212/218 டிகிரி, 447/454 தௌ மாதிரி ஒரு கேம் பாருங்க. பாரம் ஏத்துற வண்டிக்கு டார்க் கீழேயே வேணும்.

ஆனா அதுக்காகப் பழைய ஸ்பிரிங்கை விட்டு வைக்காதீங்க. கம்பெனி வோர்டெக் ஸ்பிரிங் மூடின நிலையில் சுமார் 80 பவுண்டுதான், அதுவும் புதுசா இருந்தப்போ. இந்தக் காலத்து கேம் வால்வை வேகமாத் தூக்கி வேகமா இறக்கும். 5,000 தாண்டினதும் வால்வு துள்ள ஆரம்பிக்கும். மூடினப்போ 105 முதல் 115 பவுண்டு, திறந்தப்போ 300-க்குள்ள நிக்கிற ஸ்பிரிங் போடுங்க. ஃபிளாட் டாப்பெட்டுக்கு அதுக்கு மேல போனா கேம் முனை தேயும். நிறுவும் உயரம் 1.700 அங்குலம் வர்ற மாதிரி அடியில் ஷிம் வச்சு எல்லாத்தையும் சமப்படுத்தணும். முழு லிஃப்டில் சுருள்களுக்கு நடுவே மொத்தம் 60 தௌ மிச்சம் இருக்கணும்.

பட்டறையில் என்ன கேட்கணும்னா: மேக்னஃப்ளக்ஸ், கைடு அளவு, மூணு கோண சீட் வெட்டு. வால்வுத் தண்டு இடைவெளி இன்டேக்கில் 3 தௌ, எக்ஸாஸ்டில் 4 தௌ தாண்டினா பிரான்ஸ் லைனர் போடச் சொல்லுங்க. நர்லிங் (கைடு உள்பக்கத்தைக் கீறி மேடாக்கி இறுக்குறது) பண்ணித் தர்றேன்னா வேண்டாம், சீக்கிரமே தளர்ந்துடும்.

#11 | டெட்ராய்ட்_பாண்டி

சின்ன கேம்தான்னா 1.6 ரோலர் ராக்கர் போட்டு லிஃப்டை ஏத்திக்கலாமே.

#12 | லேத்மேடு

447/454 கேமில் 1.6 போட்டா 477/484. எந்த எல்லைக்குள்ள நிக்கணும்னு சின்ன கேமுக்கு வந்தோமோ அதை அங்கேயே தாண்டிடும். பீஹைவ் போட்டு இடம் அளந்திருந்தா போகலாம். ஆனா வோர்டெக்கில் ஸ்டட் அழுத்தி ஏத்தினது, மரை கிடையாது. ஸ்பிரிங் பலமும் லிஃப்டும் ஏற ஏற அது மெல்ல மேலே கிளம்பும். ஒரு வால்வு மட்டும் அடிக்கடி லூசாகி டிக் டிக்குனு சத்தம் வந்தா அதுதான் காரணம். அப்புறம் ஸ்க்ரூ-இன் ஸ்டட்டுக்கு மரை போடணும், அதுக்குத் தனிக் கூலி. 1.5 ஸ்டாம்ப்டு ராக்கர் இந்த இன்ஜினுக்குப் போதும்.

குமரன், 882-இல் இருக்கிற ராக்கரை எடுத்து வோர்டெக்கில் மாட்டிடாதீங்க. இந்த இடத்தில்தான் பலருக்கு இன்ஜின் போகுது. 1979 ஹெட்டில் புஷ்ராடை நேரா வச்சிருக்கிறது ஹெட்டில் இருக்கிற ஒடுக்கமான துளை. வோர்டெக்கில் அந்தத் துளை அகலம், அங்கே ராக்கரோட நுனியில் ரெண்டு பக்கமும் சின்னக் காது இருக்கும், அது வால்வு நுனியைப் பிடிச்சு ராக்கரை நேரா வைக்கும். காது இல்லாத பழைய ராக்கரைப் போட்டா அது வால்வு மேலிருந்து நழுவிடும். மாறா, காது உள்ள ராக்கரோட, புஷ்ராடைப் பிடிக்கிற கைட்பிளேட்டும் சேர்த்துப் போட்டா ரெண்டும் ஒண்ணோடு ஒண்ணு இழுத்து வால்வு நுனி தேயும். ஒண்ணுதான் இருக்கணும்.

வால்வு மாத்தினா லாக்குக்கு மேலே தண்டு எவ்வளவு நீண்டிருக்குன்னும் பாருங்க. குட்டையா இருந்தா ராக்கர் காது ரிட்டெய்னரை அழுத்தி லாக்கைத் தெறிக்க வச்சிடும்.

#13 | ஸ்காபரோ_செல்வன்

சின்னச் சாமான்களிலைதான் காசு கரையும், அதை இப்பவே எழுதி வையுங்கோ. வோர்டெக்குக்கு இன்டேக் மனிஃபோல்ட் வேறை: பழைய ஹெட்டிலை 12 போல்ட், இதிலை 8, அதுவும் நேர் செங்குத்தா இறங்கும். எடெல்பிராக் 2116 உங்கடை ஆர்பிஎம்முக்குச் சரி. 7116 உயரம் கூட, மேல் ஆர்பிஎம்முக்கு. பாவிச்சதும் கிடைக்கும். இன்டேக் போல்ட்டுக்கு 11 அடி-பவுண்டுதான், பழைய பழக்கத்திலை 30 குடுத்தா கேஸ்கெட் நசிஞ்சு ஹெட்டிலை இருக்கிற மரையும் போகும்.

வால்வு கவர் நடுவிலை போல்ட் வாற வகை, உங்கடை பழையது பொருந்தாது. எக்ஸாஸ்ட் சூடு இன்டேக்குக்கு வாற வழி வோர்டெக்கிலை இல்லை, எனவே கார்புரேட்டருக்கு எலெக்ட்ரிக் சோக் வேணும். ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையை இன்டேக்குக்குத் திருப்பிற ஏற்பாடு) வழியும் இல்லை. உங்கடை மாநிலத்திலை 1979 வண்டிக்குப் புகைச் சோதனை இருந்தா முதலே விசாரியுங்கோ.

ஹெட் போல்ட் எல்லாம் தண்ணி ஜாக்கெட்டுக்குள்ளை இறங்குது. மரைக்குச் சீலன்ட் பூசாமல் இறுக்கினா போல்ட் தலையடியாலை கூலன்ட் கசியும்.

#14 | பெட்ரோல்கணக்கு

ஸ்பார்க் டைமிங்கையும் மாத்தணும். 882-க்கு வச்ச 36, 38 டிகிரியை வோர்டெக்குக்கு வைக்காதீங்க. சேம்பர் வேகமா எரியும், மொத்தம் 32 முதல் 34 போதும். 32-இல் ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா ஏத்திப் பாருங்க, இழுவை கூடலைன்னா முந்தின அளவுக்கே திரும்பிடுங்க.

#15 | சி10_குமரன்

ரொம்ப நன்றி. முடிவு: 062, 28 தௌ கேஸ்கெட், 212/218 கேம், பீஹைவ் ஸ்பிரிங், காது உள்ள 1.5 ராக்கர், 2116 இன்டேக். கடைசியா ரெண்டு கேள்வி. புஷ்ராட் நீளம் 7.800-ன்னே வாங்கிடலாமா? லிஃப்டர் அழுத்தத்துக்கு ராக்கர் நட்டை எத்தனை சுத்து இறுக்கணும்?

#16 | லேத்மேடு

ஃபிளாட் டாப்பெட்டுக்கு 7.800 அங்குலம்தான் வழக்கம், உங்களுக்கும் அதுவே வரும். ஆனா கேஸ்கெட் மெலிஞ்சிருக்கு, சீட் வெட்டினதில் வால்வு நுனி மேலே ஏறியிருக்கும். வால்வு நுனியில் மார்க்கர் பூசி, ராக்கரை மாட்டி, கிராங்க்கை ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க. தேய்ஞ்ச கோடு நுனிக்கு நடுப்பக்கமா, ஒடுக்கமா இருக்கணும். ஓரத்துக்குப் போனாலோ அகலமா இருந்தாலோ நீளம் மாத்தணும். ஸ்பிரிங் பலமா இருந்தா ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கி ஏமாத்தும், அதனால இந்தச் சோதனைக்கு மெல்லிய செக்கிங் ஸ்பிரிங்தான் போடணும்.

அழுத்தத்துக்கு, அந்தச் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பிக்கும்போது இன்டேக்கை செட் பண்ணுங்க. இன்டேக் முழுக்கத் திறந்து மூடி வர்ற நேரத்தில் எக்ஸாஸ்டை. புஷ்ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் நிக்கிற இடம்தான் சைபர். விரலால் உருட்டிப் பார்த்து இறுக்கத்தைத் தேடினா லிஃப்டர் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். சைபரிலிருந்து அரை சுத்து. 3/8 ஸ்டட்டில் அரை சுத்துக்கு நட்டு 21 தௌ இறங்கும், ராக்கர் விகிதத்தால் லிஃப்டருக்குள்ள அது 35 தௌ.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆயில் பம்பை டிரில் வச்சு ஓட்டி, எல்லா ராக்கரிலும் எண்ணெய் வர்றதைப் பாருங்க. கேம் முனையிலும் லிஃப்டர் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட், எண்ணெயில் துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் வகை. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல், டைமிங் கிட்டத்தட்ட சரி, ரேடியேட்டரில் தண்ணி, எல்லாம் தயாரா இருக்கணும், ஏன்னா ஸ்டார்ட் ஆகலைன்னு திரும்பத் திரும்பச் சுத்தினா பேஸ்ட் வழிஞ்சிடும். பிடிச்ச உடனே 2,000-க்கு ஏத்தி, 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே மாத்தி மாத்தி 20 முதல் 30 நிமிஷம் ஓட்டுங்க, ஐட்லுக்கு விடாதீங்க. ஸ்டாண்டிலேயே கிராங்க்கைச் சுத்தும்போது 16 லிஃப்டரும் தன் இடத்தில் சுழலுதான்னு மார்க்கர் கோடு போட்டுப் பார்த்திருக்கணும். ஒண்ணு சுழலலைன்னாலும் அந்த முனை முதல் அரை மணியிலேயே தேய்ஞ்சிடும். அது ஏன்னு கண்டுபிடிக்காம ஸ்டார்ட் பண்ணாதீங்க.

ஓட்டி முடிச்சதும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாத்துங்க. பழைய ஃபில்டரை வெட்டிப் பிரிச்சு மடிப்புக்குள்ள காந்தம் வச்சுப் பாருங்க. சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தா பரவாயில்லை. மினுங்குற துகள் ஒட்டிச்சுன்னா வண்டியை எடுக்காம இன்டேக்கைக் கழட்டி லிஃப்டரைப் பாருங்க.